காணாமல் போன முப்பத்தெட்டு கிராம்

“எங்க லேப்காரம்மாவை எதிர்க் கம்பெனி வளைச்சுப் போட்டுடுச்சு. யாரு, எப்போ, எப்படிங்கிறதை மட்டும் நீங்க கண்டுபிடிச்சுக் குடுத்தாப் போதும்,” என்றார் மேனேஜர்.

“அதாவது குற்றவாளி ரெடி. குற்றத்தை நாங்க சமைச்சுத் தரணும்,” என்றாள் ஊசி.

மேனேஜர் சிரிக்கவில்லை. ஊசியும் அவர் சிரிப்பார் என்று எதிர்பார்க்கவில்லை. இருபது வருடம் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவள் அவள். லீவு லெட்டரில் அப்பா கையெழுத்தைப் பிள்ளையே போட்டிருந்தால் பத்தடி தூரத்திலிருந்தே சொல்லிவிடுவாள். அந்தக் கண்ணுக்காகத்தான் துப்பறிவாளர் அவளைச் சேர்த்துக்கொண்டார். வாய் இலவச இணைப்பு.

துப்பறிவாளருக்கு ஊரில் ‘அரைவார்த்தை’ என்று பெயர். எந்த வாக்கியத்தையும் முடிக்க மாட்டார். மிச்சத்தை முடிப்பது ஊசியின் உத்தியோகம்.

மேஜைமேல் கரும்பச்சை நிறத்தில் ஒரு பாட்டில். கம்பெனியின் சரக்கு: பச்சைக் காய்கறி சாலட்டில் ஊற்றிக்கொள்ளும் டிரெஸ்ஸிங் சாஸ். லேபிளில் ஒரு மெலிந்த பெண் காற்றில் பறந்துகொண்டிருந்தாள். அவள் காலடியில், ‘நூறு கிராமில் கொழுப்பு: 3 கிராம் மட்டுமே!’

“இந்த பாட்டிலைத்தான் கவர்மென்ட் ஆளுங்க கடையில வாங்கி டெஸ்ட் பண்ணிட்டாங்க,” என்றார் மேனேஜர். “நாப்பத்தொண்ணு கிராம்னு ரிப்போர்ட் குடுத்திருக்காங்க.”

“மூணுக்கும் நாப்பத்தொண்ணுக்கும் நடுவுல முப்பத்தெட்டு...” என்று அரைவார்த்தை ஆரம்பித்தார்.

“முப்பத்தெட்டு கிராம் காணோம்னு சொல்றார்,” என்றாள் ஊசி. சொல்லிக்கொண்டே அவருடைய பெல்ட்டைப் பார்த்தாள். டாக்டர் சொன்னார் என்று ஒரு வருடமாக அவர் மதியத்தில் இலை தழைதான் மேய்கிறார். கூடவே இதே பச்சை பாட்டிலில் பாதி. தொப்பைக்கு இடம்விட பெல்ட்டின் நுனியில் இரண்டு ஓட்டை புதிதாகப் போட்டாயிற்று. “சார், காணாமப் போனது எங்கே இருக்குன்னு எனக்கு ஓரளவு தெரியுது.”

அரைவார்த்தை சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார்.

அறையின் கோடியில் பெரிய மேஜைக்குப் பின்னால் முதலாளியம்மா உட்கார்ந்திருந்தார். மேனேஜருக்கு அண்ணி. புருஷன் போன பிறகு கம்பெனி அவர் பெயரில், சாவிக்கொத்து கொழுந்தன் கையில்.

“ஆறு வருஷமா அந்த மூணுங்கிற நம்பருக்குக் கீழே கையெழுத்துப் போட்டது லேப்காரம்மாதான்,” என்றார் முதலாளியம்மா. “அதிகாரி நாலு மணிக்கு வரார். யார் பொறுப்புன்னு கேப்பார். நான் என்ன சொல்றது?”

“பேரைச் சொல்லிட வேண்டியதுதான் அண்ணி,” என்றார் மேனேஜர். “லைசென்ஸ் ரத்தாகும். அப்புறம் எந்த லேப்லயும் அவங்க கையெழுத்து செல்லாது. துரோகம் பண்ணவங்களுக்கு அது போதாதா?”

மேனேஜர் மேஜைமேல் ஒரு வெள்ளிநிறக் கோப்பை நின்றது. ‘தொழிலாளர் தோழர்’ என்று அதில் பொறித்திருந்தது.

“ஓட்டப்பந்தயமா?” என்று கேட்டாள் ஊசி.

“பசங்க குடுத்தாங்க. அன்பு,” என்றார் மேனேஜர்.

மணி இரண்டு.

*

லேப் கட்டிடத்தின் மறுகோடியில் இருந்தது. டேங்க் கூடத்திலிருந்து அங்கே நடந்து போவதற்குள் ஒரு சண்டை போட்டுச் சமாதானமும் ஆகிவிடலாம். லேப்காரம்மா கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே கழுவின குழாய்கள். சாப்பாட்டு டப்பா திறக்காமல் இருந்தது.

“உக்காருங்க. நான் யார்கிட்டயும் எதுவும் வாங்கலை. அதை மட்டும் எழுதிக்குங்க.”

“நாங்க கேக்கவே இல்லையே,” என்றாள் ஊசி.

“வீட்ல கேட்டாச்சு. மாமியார் நேத்து ராத்திரி பக்கத்துல வந்து உக்காந்தாங்க. ‘உண்மையைச் சொல்லும்மா, வாங்கினியா?’ன்னாங்க. இல்லைன்னேன். ‘சரி, வாங்கியிருந்தா எங்கே வெச்சிருக்கே?’ன்னு கேக்கறாங்க.”

ஊசிக்குச் சிரிப்பு வந்தது. அந்த அம்மாள் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டாள்.

அரைவார்த்தை ரிஜிஸ்டரைப் புரட்டினார். ஒரு நாளைக்கு ஒரு வரி. மூணு. மூணு புள்ளி ஒண்ணு. ரெண்டு புள்ளி ஒன்பது. மூணு. ஆறு வருடமும் ஒரே தாலாட்டு. போன வருடத்துப் பக்கத்தில் அவர் விரல் நின்றது.

“இந்த...”

“பதினேழா? அது மார்ச் பத்தாம் தேதி,” என்றார் லேப்காரம்மா. தேதியை அவர் பார்க்கவே இல்லை. “எனக்கே தூக்கிவாரிப் போட்டுது. மூணு தடவை பண்ணிப் பாத்தேன். பதினேழுதான். சாஸ் கொழகொழன்னு வரணும்னு அன்னைக்குத்தான் புதுசா ஒரு கெட்டிப்பொடி சேத்தாங்க. மேனேஜருக்கு எழுதியே குடுத்தேன், நகல் பின்னாடி ஒட்டியிருக்கு. மறுநாள் பாத்தா பழையபடி மூணு.”

“பொடியை நிறுத்திட்டாங்களா?”

“இல்லையே. இன்னிவரைக்கும் போடறாங்க.”

“மேனேஜர் என்ன சொன்னார்?”

“‘நீங்க நல்லாத் தூங்கணும்மா’ன்னார்.”

“சாம்பிள் எடுக்கறது நீங்களா?”

லேப்காரம்மா தலையைக் குனிந்துகொண்டார். “லேப் ஆளுங்க கையில கெமிக்கல் இருக்கும், டேங்க் பக்கம் வரக் கூடாதுன்னு ரூல். டேங்க்லேருந்து ஒரு சின்ன பாட்டில்ல வரும். வந்ததை அளந்து வந்ததை எழுதறேன். என்ன சேக்கறாங்கன்னும் தெரியாது, அது குடும்ப ரகசியமாம். என் நம்பர்ல பொய் கிடையாதுங்க. ஆனா ஆறு வருஷத்துல ஒரு தடவையாவது எழுந்து போய்ப் பாத்திருக்கணும். அது என் தப்பு.”

“நீங்க இந்த சாஸ் சாப்பிடுவீங்களா?”

“நானா? எனக்கெதுக்கு? வீட்ல எண்ணெய் இருக்கே.”

*

டேங்க் இரண்டு ஆள் உயரம் இருந்தது. உள்ளே மிக்ஸர் சுழலும் சத்தத்தில் பேசுகிறவர் கத்த வேண்டும், கேட்கிறவர் காதைக் குவிக்க வேண்டும். சுற்றிலும் பெஞ்சுகள். ஒரு பெஞ்சின்மேல் உறை போட்ட ரேடியோ. டேங்கைப் பார்த்துக்கொள்பவருக்கு ஐம்பது வயதிருக்கும். எல்லோரும் அவரை டேங்க் மாமா என்றே கூப்பிட்டார்கள்.

“எண்ணெய் எவ்வளவு ஊத்தறீங்க மாமா?” என்று கத்தினாள் ஊசி.

“அதைச் சொல்லக் கூடாதும்மா! குடும்ப ரகசியம்!”

“வெளியில காலி பீப்பா அடுக்கியிருக்கீங்களே, எண்ணினேன்! எண்ணெய்னு எழுதினது நாப்பது, வினிகரும் மத்ததும் அறுபது! ரகசியத்தைக் கழுவி வாசல்ல காயப் போட்டிருக்கீங்க!”

டேங்க் மாமா காதைச் சொறிந்தார். “நான் சொல்லலை. நீங்க எண்ணிக்கிட்டீங்க.”

“நூத்துல நாப்பது எண்ணெய் உள்ள போகுது. லேப்ல மூணுதான் இருக்கு. மிச்சத்தை யார் தலையில தேய்ச்சீங்க?”

“என் தலையைப் பாருங்க. தேய்க்கறதுக்கு ஏதாவது இருக்கா?”

அரைவார்த்தை டேங்கைச் சுற்றி வந்தார். சாம்பிள் எடுக்கும் குழாய் டேங்கின் அடியில், முழங்கால் உயரத்தில் இருந்தது. அதற்கு மேலே சுவரில் ஒரு போர்டு: ‘பாதுகாப்பே முதல்! இயந்திரம் நின்றிருக்கும்போது மட்டுமே சாம்பிள் எடுக்கவும். மேனேஜர்.’

“மெஷின் எப்போ நிக்கும் மாமா?”

“டீ நேரத்துல. பத்தரைக்கு நிறுத்துவோம். எல்லாரும் இங்கேதான் உக்காருவோம், ரேடியோவில நாடகம் ஓடும். முடிஞ்சதும் சாம்பிளைப் பிடிச்சுக்கிட்டு மெஷினைப் போடுவேன்.”

“குழாயில கையை வெச்சா பிளேடு வெட்டிடுமா?”

“பிளேடு மேல, ஆறடி தள்ளி இருக்கு. கை என்ன, காலை வெச்சாலும் ஒண்ணும் ஆகாது. ஆனா மேனேஜருக்கு எங்கமேல அக்கறை ஜாஸ்தி.”

அரைவார்த்தை நின்றார். “ஊசி... எண்ணெய்...”

“மேல மிதக்கும்!” ஊசி வாயைப் பொத்திக்கொண்டாள். மெஷின் நின்றால் எண்ணெய் மேலே, வினிகர் கீழே. குழாய் இருப்பதோ அடியில். லேப்காரம்மா ஆறு வருடமாக அளந்தது வெறும் புளிப்புத் தண்ணீரை. அந்தத் தண்ணீரில் கொழுப்பு மூணுதான். அளந்தவள் பொய் சொல்லவில்லை. அளக்கக் கொடுத்ததே பொய்.

“அப்போ அந்தப் பதினேழு?” என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள்.

“கெட்டிப்பொடி போட்டா எண்ணெய் மேல ஏற...”

“நேரமாகும்! அன்னைக்குப் பாதிதான் ஏறியிருக்கு. மறுநாள் எப்படி முழுசா ஏறுச்சு? மாமா, இந்த டீ நேரம் எவ்வளவு?”

“அரைமணி!” டேங்க் மாமாவின் முகம் மலர்ந்தது. “முன்னாடி இருபதே நிமிஷம். நாடகத்துல கொலை நடக்கும், கொலைகாரன் யாருன்னு சொல்றதுக்குள்ள மெஷினைப் போட்டுடணும். வருஷக்கணக்கா ஒரு கொலைகாரனையும் நாங்க பாத்ததில்லை. போன வருஷம் மேனேஜரே வந்து, ‘பாவம், அரைமணியா உக்காருங்க’ன்னார். நாங்க கேக்கவே இல்லை. தங்கமான மனுஷன்!”

“என்னைக்கு வந்து சொன்னார்?”

“எனக்குத் தேதியெல்லாம் நிக்காதும்மா. அதுக்காக அவருக்கு ஒரு கப்பு குடுத்தோமே, அதுக்குப் பின்பக்கம் போட்டிருக்கோம்.”

ஊசி அரைவார்த்தையைப் பார்த்தாள். அவர் மெஷினின் ஸ்விட்சைப் பார்த்தார்.

“மாமா, ஒரு உதவி,” என்றாள். “மெஷின் ஓடறப்பவே ஒரு கிளாஸ் பிடிங்க. அப்புறம் நிறுத்தி, அரைமணி கழிச்சு இன்னொரு கிளாஸ். ரெண்டையும் நாலு மணிக்கு அதிகாரி முன்னாடி கொண்டுவந்து வையுங்க. அவ்வளவுதான்.”

டேங்க் மாமா முட்டாள் அல்ல. அவர் மலர்ந்த முகம் மெல்லக் கூம்பியது.

“அப்போ அந்தப் பத்து நிமிஷம் போயிடுமா?”

“போயிடும்.”

“கடைசிப் பத்து நிமிஷத்துலதானேம்மா கதையே இருக்கு! இருபத்திரண்டு பேர் என்னைத் தின்னுடுவாங்க.”

“லேப்காரம்மாவுக்கு வேலையே போயிடும். துரோகின்னு பேரும் வரும்.”

“தெரியும். நல்ல அக்காதான். ஆனா...” என்று அவரும் அரைவார்த்தை ஆனார்.

அதை ஊசி முடித்துவைக்கவில்லை. அது அவரே முடிக்க வேண்டிய வாக்கியம்.

அரைவார்த்தைதான் பேசினார். “அந்த அம்மா பதினேழுன்னு எழுதினாங்க. பயந்து மூணுன்னு மாத்தி எழுதலை. மாத்தியிருந்தா உங்களுக்கு அரைமணி கிடைச்சிருக்காது.”

ஊசி அசந்துபோனாள். ஐந்து வருடத்தில் அவர் இப்படி முழுசாகப் பேசி அவள் கேட்டதில்லை.

டேங்க் மாமா கொஞ்ச நேரம் ரேடியோவின் உறையைச் சரிசெய்தார். பிறகு ஒரு கண்ணாடித் தம்ளரை எடுத்துக் குழாயடியில் பிடித்தார். மஞ்சளாகக் கொழகொழவென்று இறங்கியது. அதை பெஞ்சின்மேல் வைத்துவிட்டு ஸ்விட்சை அமுக்கினார். மெஷின் முனகி நின்றது. மணி மூன்றேகால்.

*

அதிகாரி ஒல்லியானவர். குடையை மடித்து, பையைத் திறந்து, பேனாவைச் சோதித்துப் பார்த்து, அதன் பிறகுதான் வணக்கமே சொன்னார்.

“பொறுப்பு யாருங்க?”

“லேப்காரம்மா,” என்றார் மேனேஜர்.

“இல்லை, மூணரைக்குப் பிடிச்ச சாஸ்,” என்று ஊசி ஒரே மூச்சில் குறுக்கே புகுந்தாள். பின்னாலேயே டேங்க் மாமா இரண்டு தம்ளர்களோடு வந்து நின்றார்.

“மூணே முக்கால்,” என்று திருத்தினார் டேங்க் மாமா. “இது மெஷின் ஓடறப்போ பிடிச்சது. இது நின்னு அரைமணி கழிச்சு. தினமும் லேபுக்கு அனுப்பறது ரெண்டாவது.”

முதல் தம்ளர் கெட்டியான மஞ்சள். எண்ணெய் பிரியாதபடி அவர் அதை விடாமல் ஸ்பூனால் கிண்டிக்கொண்டே வந்திருந்தார். இரண்டாவதன் வழியாக அதிகாரியின் மூக்கு தெரிந்தது. ஊசி குழாயையும், போர்டையும், மிதக்கும் எண்ணெயையும் நாலே வரியில் சொல்லி முடித்தாள். இதற்கு லேப் வேண்டாம். கண் இருந்தால் போதும்.

முதலாளியம்மா கொழுந்தனைப் பார்த்தார். கொழுந்தன் இரண்டு கையையும் விரித்தார்.

“அடடா! எனக்கெப்படி அண்ணி தெரியும்? பசங்க கை போயிடக் கூடாதேன்னு ஒரு ரூல் போட்டேன். நல்லது நினைச்சது தப்பா? சரி, அறியாம நடந்துபோச்சு. ஆனா வந்த சாம்பிள் சரியான சாம்பிளான்னு பாக்கறது யார் வேலை? லேப் வேலை!”

அதிகாரி யோசித்துத் தலையை ஆட்டினார். “சட்டப்படி அவர் சொல்றது சரிதான். கையெழுத்துப் போட்டவங்கதான் சாம்பிளுக்கும் பொறுப்பு.”

கதவோரம் நின்ற லேப்காரம்மா ரிஜிஸ்டரை மார்போடு அணைத்துக்கொண்டார். டேங்க் மாமா ஊசியை முறைத்தார். பத்து நிமிடத்தையும் தூக்கிக் கொடுத்து, கடைசியில் இதற்குத்தானா?

அரைவார்த்தை தொண்டையைச் செருமினார். “கொஞ்சம் தண்ணி...”

ஊசி முடிக்கவில்லை. மேனேஜர் மேஜையிலிருந்த கோப்பையையே எடுத்து, கூஜாத் தண்ணீரை ஊற்றி, பின்பக்கம் அதிகாரிக்குத் தெரியும்படி திருப்பி நீட்டினாள்.

“குடிக்கறதுக்கு முன்னாடி படிங்க. பசங்க அன்பா எழுதியிருக்காங்க.”

அதிகாரி கண்ணருகே கொண்டுபோய் வாசித்தார். “‘மார்ச் 11 முதல் டீ இடைவேளையை அரைமணி ஆக்கிய அன்பருக்கு.’ இதுல என்ன இருக்கு?”

“லேப்காரம்மா, ரிஜிஸ்டரைக் குடுங்க. சார், மார்ச் பத்து பாருங்க. பதினேழு கிராம். அன்னைக்கே மேனேஜருக்கு எழுதிக் குடுத்திருக்காங்க, நகல் பின்னாடி ஒட்டியிருக்கு. மார்ச் பதினொண்ணு பாருங்க. டீக்குப் பத்து நிமிஷம் கூடுது, கொழுப்பு பதினாலு கிராம் குறையுது. இவருக்கு ஒண்ணும் தெரியாதுன்னா எண்ணெய் மேல ஏற இன்னும் பத்து நிமிஷம் வேணும்னு ஒரே ராத்திரியில எப்படித் தெரிஞ்சுது?”

இருபத்திரண்டு பேர் நன்றியோடு பொறித்துக் கொடுத்த வாக்குமூலம் அதிகாரி கையில் தண்ணீரோடு நின்றது.

“கொழுந்தனாரே,” என்றார் முதலாளியம்மா, “வீட்ல பேசிக்கலாம்.”

“வீட்ல இல்லம்மா, எங்க ஆபீஸ்ல,” என்றார் அதிகாரி. “நாளைக்குப் பத்து மணிக்கு. டீ கிடைக்காது.”

மேனேஜர் சாவிக்கொத்தை அண்ணியின் மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போனார். போகும்போது டேங்க் மாமாவைப் பார்த்து, “உங்களுக்காகத்தானே செஞ்சேன்,” என்றார். அவர் குரலில் உண்மையாகவே ஒரு வருத்தம் இருந்ததுதான் வேடிக்கை.

*

கேஸ் முடிந்தது என்று ஊசி கைப்பையை எடுத்தாள். முதலாளியம்மா எழுந்திருக்கவில்லை.

“லேப்காரம்மா, மன்னிச்சுக்கோங்க. நாளையிலேருந்து நீங்களே டேங்குக்குப் போய் சாம்பிள் எடுங்க. அது சரி... லேபிள்ல நாப்பத்தொண்ணுன்னு போட்டா யாரு வாங்குவா? அந்தப் பொண்ணு வேற பறந்துகிட்டிருக்கா.”

“இறக்கி விட்டுடுங்க,” என்றாள் ஊசி.

அதிகாரி குடையை எடுத்தவர் நின்றார். உதவி செய்ய வாய்ப்புக் கிடைத்த சந்தோஷம் அவர் முகத்தில் அன்று முதல்முறையாகத் தெரிந்தது. “நூறு கிராமுக்குத்தான் போடணும்னு கட்டாயம் இல்லீங்களே. ஒரு ஸ்பூனுக்குன்னும் போடலாம். சட்டத்துல இடம் இருக்கு.”

“எவ்வளவு பெரிய ஸ்பூன்?”

“அதை நீங்கதான் முடிவு பண்ணணும்.”

முதலாளியம்மா நிமிர்ந்தார். “மூணு கிராம் வரணும்னா எவ்வளவு பெரிய ஸ்பூன்?”

அதிகாரி பேனாவால் கணக்குப் போட்டார். “ஏழு கிராம் ஸ்பூன். கிட்டத்தட்ட மூணு வருது. லேபிள்ல ‘நூறு கிராமில்’ங்கிற இடத்துல ‘ஒரு ஸ்பூனில்’னு மாத்தினாப் போதும். பொண்ணு பறக்கலாம்.”

“ஏழு கிராம் ஊத்தினா ஒரு இலை நனையுமா சார்?” என்று கேட்டாள் ஊசி.

“அது சாப்பிடறவங்க இஷ்டம்.”

ஊசி அரைவார்த்தையைத் திரும்பிப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

முதலாளியம்மா ஒரு தாளில் மளமளவென்று எழுதி, லேப்காரம்மா பக்கம் நகர்த்தினார். ‘ஒரு ஸ்பூனில் கொழுப்பு 3 கிராம் மட்டுமே.’ “இது பொய் இல்லையேம்மா? அதிகாரியே சொல்லிட்டார். ஒரு கையெழுத்துப் போடுங்க. உங்க வேலை, உங்க லேப், எல்லாம் பழையபடி.”

காலையிலிருந்து அந்த அம்மாள் கேட்கத் தவித்த வார்த்தைகள் அவை. லேப்காரம்மா பேனாவைத் திறந்தார். இதில் ஊசி சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளையே போட்ட அப்பா கையெழுத்தைக் கண்டுபிடிக்கலாம்; அப்பாவே போட்டால் என்ன செய்வது?

“நம்பர் சரிதான்,” என்றார் லேப்காரம்மா. “உங்க ஸ்பூன் எவ்வளவு சின்னதா வேணும்னாலும் இருக்கட்டும், அதைக் கீழே போட்டுக்கோங்க. மேலே நூறு கிராமுக்கு நாப்பத்தொண்ணுன்னு போடுங்க. அப்போ கையெழுத்துப் போடறேன்.”

“இல்லைன்னா?”

“இல்லைன்னா போடலை. வேற ஆளைப் பாருங்க. அவங்களும் டேங்குக்குப் போய்தான் சாம்பிள் எடுக்கணும்.”

முதலாளியம்மா அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி குடையைப் பார்த்தார். லைசென்ஸ் உள்ள கையெழுத்து அந்தக் கட்டிடத்தில் ஒன்றுதான்.

“சரி, போடறேன்,” என்று முதலாளியம்மா தாளை இழுத்து, மேல் ஓரத்தில் பொடிப்பொடியாக எழுதினார். “போதுமா?”

லேப்காரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடித்து மேஜைமேல் வைத்தார். தாளைக் கை நீட்டும் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

“தெரியலைங்களே.”

இரண்டாவது தாளில் எழுத்து கொஞ்சம் வளர்ந்தது.

“ஏதோ பூச்சி மாதிரி இருக்கு.”

முதலாளியம்மா பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவது தாளை எடுத்தார். டேங்க் மாமா, கேட்காமலேயே, பீப்பாயில் நம்பர் எழுதும் தடிப் பேனாவைத் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். தாளின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு நாலு, ஒரு ஒண்ணு.

“இப்போ தெரியுது,” என்று சொல்லிவிட்டு, கண்ணாடி இல்லாமலேயே, லேப்காரம்மா அதன் கீழே கையெழுத்துப் போட்டார்.